சொட்டு நின்ற புதன்கிழமை

ஒன்பது நாளாக அந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது குளியலறை வாஷ்பேசினின் வெந்நீர்க் குழாய் ஒன்றுதான்.

டொக். டொக். டொக்.

வீட்டில் இருந்த மனிதர்கள் இரண்டு பேர், மருமகளும் மாமனாரும், பேச்சை நிறுத்திப் பதினோரு நாளாகியிருந்தது.

அதைச் சண்டை என்று சொல்லவும் முடியாது. நூற்பாலை இயந்திரங்களுக்கு நடுவே முப்பத்திரண்டு வருஷம் நின்றதில் மாமனாருக்குக் காது போய்விட்டது. காது மிஷினை மாட்டினால் அரைகுறையாகக் கேட்கும். அந்த அரைகுறைதான் வினையானது. அன்று மருமகள், லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த கணவனிடம் போனில், "அந்தப் பழசு ஒழுகிட்டே இருக்குங்க. இனிமே சரிப்படாது. தூக்கிப் போட்டுட்டு வேற ஏற்பாடு பண்ணிடலாம்" என்றாள். அவள் சொன்னது குளியலறை ஹீட்டரை. அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த விரல் நீளக் குழாயில் சதா தண்ணீர் கசிந்து தரையெல்லாம் வழுக்கியது.

பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் தூக்கத்தில் படுக்கையை நனைத்திருந்தார்.

கத்திச் சொன்னாலும் எதுவும் ஏறாத காதில், கேட்கக்கூடாதது மட்டும் மணியடித்த மாதிரி விழுந்தது. அவர் மிஷினைக் கழற்றினார். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். கேட்டது போதும் என்று அர்த்தம்.

அவள் மறுநாளும் அதற்கு மறுநாளும் விளக்கிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சிரிப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டில் நடக்கும்போதுதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமலே இன்னும் நாலாக மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் போன் வந்தது. கணவனின் அக்கா. பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சு விடக்கூட இடம் தர மாட்டாள்.

"அவன் மாசத்துல இருபது நாள் ரோட்டுல இருக்கான். நீ கடைக்குப் போயிடற. பகல் பூரா அப்பா தனியா கிடக்கறார். ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இந்த வாரத்துக்குள்ள சொல்லிடு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் வீடு ஒன்பதாவது மாடியில். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். போன தடவை அங்கே இருபது நாள் இருந்துவிட்டு வந்த மாமனாரிடம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ஜன்னல் நல்ல ஜன்னல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதை மருமகள் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆறாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கணவனால் மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர முடிந்தது. அந்த மூன்று நாளும் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அவள் புலம்பியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் ஒரு தடவைகூட "அழாதே" என்று அவர் சொல்லவில்லை. அந்த மனிதரை எப்படிப் பூட்டிய வீட்டுக்கு அனுப்புவது?

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. கண்ணாடிக் கடையில் லென்ஸை அரைத்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. எள்ளளவு ஸ்க்ரூ கீழே விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் கடையில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர்.

அன்று காலை கழுகு ஒரு முடிவோடு எழுந்தாள். மாமனாரின் வாயைத் திறக்க முடியாவிட்டால் போகிறது. குழாயின் வாயையாவது மூடிவிடுவது.

முந்தின நாளே வாஷர் வாங்கி வைத்திருந்தாள். கடைக்காரர், "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, காட்டிக் கொடுக்கறேன்" என்றார். "அவர் வந்தா நான் அவருக்குக் காட்டிக் கொடுக்கணும். எனக்கே காட்டிடுங்க" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.

பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தாள். வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த சின்ன வால்வை மூடினாள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட்டாள்.

தண்ணீர் வரவில்லை. சீறியது. ஆவியும் நீருமாகத் துப்பிவிட்டு நின்றது. ஒரு துளி மணிக்கட்டில் பட்டு, பட்ட இடம் உடனே சிவந்தது.

"அம்மாடி! என்ன இப்படிக் கொதிக்குது?"

காலை ஏழு மணிக்கு மாமனார் குளிக்க ஹீட்டரைப் போட்டது நினைவுக்கு வந்தது. போட்டால் என்ன? சூடு ஏறியதும் அது தானாக நின்றுவிடும். கையை ஊதிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

திருகைக் கழற்றினாள். உள்ளே இருந்த தண்டை ஸ்பேனரால் பிடித்துச் சுழற்றி எடுத்தாள். நுனியில் இருந்த பழைய வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, பிறை மாதிரி தேய்ந்திருந்தது. "இத்தனூண்டு ரப்பர்! இதுவா ஒன்பது நாளா என் உயிரை வாங்கினது?" புது வாஷரை வைத்தாள். மரையில் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். தண்டை உள்ளே விட்டு இறுக்கினாள். வால்வைத் திறந்தாள்.

குழாய் வாய்க்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

சொட்டு இல்லை.

எழுந்து நின்று, யாருமில்லாத குளியலறையில் தனக்குத் தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வர, தோளில் துண்டோடு மாமனார் எதிரே வந்தார். அவளைப் பார்க்காமல், சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். புதுத் தாழ்ப்பாள் சடக்கென்று விழுந்தது. போன மாதம்தான் கணவன் அதைப் போட்டான். யானை முட்டினாலும் அசையாது என்று பெருமை வேறு.

அவள் சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். டீக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில், கீழ் வீட்டில் யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். கீழே குடியிருக்கும் தையற்காரம்மா அடிக்கடி மேசையை நகர்த்துவாள். ஆனால் இது கீழே இருந்து வரவில்லை. கொர்ர்ர் என்று நீண்டது. நின்றது. மறுபடி வந்தது. இந்தத் தடவை நடுவில் ணங் ணங் என்று இரண்டு அடி.

அடுப்பை அணைத்துவிட்டு நடைக்கு வந்தாள். குளியலறைக்கு வெளியே சுவரில் இரண்டு சுவிட்ச். ஒன்று விளக்குக்கு, ஒன்று ஹீட்டருக்கு. ஹீட்டர் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் போட்டது. இப்போது பத்தே முக்கால். இன்னும் எரிகிறது.

கதவுக்கு மேலே, ஹீட்டர் மாட்டியிருக்கும் சுவரின் வெளிப்பக்கத்தில் எட்டிக் கை வைத்தாள். சுவர் சுட்டது.

விசில் வராத குக்கர் எப்படி உறுமும் என்று அவளுக்குத் தெரியும். ஒருதரம் மூடியின் துவாரம் அடைத்துக்கொண்டு, உறுமி உறுமி, கடைசியில் மூடி கூரையில் போய் அடித்த வீடு ஒன்று அவள் பிறந்த தெருவில் இருந்தது. அது கையகலக் குக்கர். இது ஐம்பது லிட்டர்.

சிவப்பு சுவிட்சைப் படாரென்று அணைத்தாள். விளக்கு போயிற்று. உறுமல் போகவில்லை.

"மாமா! மாமா, வெளியே வாங்க!"

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் பதிலாக வந்தது. பச்சைத் தண்ணீர். அவர் வழக்கம் அது. முதலில் அரை வாளி பச்சைத் தண்ணீர் பிடிப்பார். தலைக்குச் சோப்புப் போடுவார். பிறகு வாளிக்கு மேலே இருக்கும் வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்து வாளியை நிரப்புவார். குனிந்துகொண்டு, முகத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவள் மணிக்கட்டு எரிந்தது. ஒரு துளிக்கே இப்படி.

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் குழாய்க்காரரின் நம்பர் இருந்தது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, ஹீட்டர் உறுமுது. சுவரெல்லாம் சுடுது."

"சுவிட்சை அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன். இன்னும் உறுமுது!"

குழாய்க்காரரின் குரல் மாறியது. "நல்லா கேளுங்கம்மா. வெந்நீர்க் குழாயை யாரும் தொடக்கூடாது. திறந்தா தண்ணியா வராது, நெருப்பா வரும். அந்த ரூம் பக்கமே நிக்காதீங்க. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வெளியே போயிடுங்க. நான் இதோ கிளம்பிட்டேன்."

"மாமா உள்ளே குளிச்சிட்டிருக்காரு."



"கூப்பிடுங்கம்மா! கதவைத் தட்டிக் கூப்பிடுங்க!"

"அவருக்குக் காது கேக்காதுண்ணே!"

வாளியின் சத்தம் நின்றுவிட்டது. பச்சைத் தண்ணீர் பிடித்து முடித்தாயிற்று. இனி சோப்பு. சோப்புக்கு எவ்வளவு நேரம்? மூன்று நிமிஷம்? அந்தத் தலையில் முடியே இல்லையே!

அவளுக்கு இருந்த அந்தப் பயத்துக்கு நடுவே விளக்கு சுவிட்ச் கண்ணில் பட்டது. காதில்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. சுவிட்சை அணைத்தாள். உள்ளே ஜன்னல் கிடையாது, கும்மிருட்டாகியிருக்கும்.

"கரன்ட்டு போச்சா? சனியன்!"

பதினோரு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் மாமனாரின் குரல். அவள் போட்டாள், அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். உள்ளே அவர், "இந்த பல்பு ஒண்ணு, லூஸா இருக்கு" என்று முணுமுணுத்தார். வெளியே வரவில்லை. இருட்டிலேயே மக்கை எடுக்கும் சத்தம் கேட்டது.

ஹீட்டர் ணங்கென்று ஒரு அடி அடித்தது. கதவின் நிலை அதிர்ந்தது.

ஓடி விடலாம். அந்த நினைப்பும் வந்தது, மறைப்பானேன். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது, எட்டு எட்டு வைத்தால் மாடிப்படி. கால் ஒரு எட்டு அந்தப் பக்கம் வைத்தேவிட்டது. வைத்த காலை அவளே பார்த்தாள். பிறகு திரும்பி, தரை துடைக்கும் மாப்பை எடுத்தாள். துணியைப் பிய்த்து எறிந்தாள். தரையில் குப்புறப் படுத்தாள்.

கதவுக்கு அடியில் மூன்று விரல் இடைவெளி. கம்பை உள்ளே நுழைத்தாள். இடமும் வலமுமாகத் துழாவினாள். வாளியில் இடித்தது. இழுத்து மறுபடி வீசினாள். மெத்தென்று எதிலோ பட்டது. குதிகால்.

"ஐயோ! பாம்பு! பாம்பு!"

வாளி உருண்டது. கால் வழுக்கும் சத்தம். விழுந்துவிட்டாரா? இல்லை. தாழ்ப்பாளைக் கை தேடியது. சடக். கதவு திறந்து, தலையெல்லாம் நுரையும் இடுப்பில் துண்டுமாக மாமனார் பாய்ந்து வந்தார். வந்தவர், தரையில் மாப்புக் கம்போடு படுத்திருந்த மருமகளைத் தாண்டிப் போய் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

அவள் விளக்கவில்லை. எழுந்து அவர் கையைப் பிடித்தாள். இழுத்தாள். எழுபத்தொரு வயது மனிதர், சோப்பு வழுக்கும் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "விடு! துணி! ஏய், துணி மாத்திக்கறேன்!" அவள் விடவில்லை. வாசலைத் தாண்டி, படியிறங்கி, முதல் திருப்பத்தில் அவரைச் சுவரோடு சேர்த்து உட்கார வைத்தாள். கீழே தையற்காரம்மா கழுத்தில் டேப்போடு வெளியே வந்து வாயைப் பிளந்தாள்.

மேலே டமார் என்று வெடித்தது.

மாமனாருக்கு அது காதால் கேட்டதா, உட்கார்ந்திருந்த படி வழியாகக் கேட்டதா தெரியாது. ஆனால் அவர் கேட்டார். முகம் வெளுத்தது. வாசல் வழியாக வெள்ளை வெளேரென்று ஆவி உருண்டு வந்து படிக்கட்டுக்கு மேலே பரவியது. அதற்குப் பின்னால் தண்ணீர், படி படியாக, புகைந்துகொண்டு. அவள் அவர் காலைப் பிடித்து இன்னொரு படி கீழே இறக்கினாள்.

நல்ல காலம், வெடித்தது தொட்டியில்லை. தொட்டியிலிருந்து வெந்நீரைக் கொண்டுபோகும் பின்னல் குழாய். அது பிய்த்துக்கொண்டு, மாமனார் குனிந்திருக்க வேண்டிய இடத்தில் முழுத் தொட்டியையும் கொட்டியிருந்தது. பிளாஸ்டிக் வாளி வெந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

குழாய்க்காரர் வந்து, எல்லாம் ஆறும்வரை காத்திருந்து, பிறகுதான் உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டார்.

"சூடு ஏறினதும் அணையணும்ல? அதுக்கான பாகம் கருகிப்போச்சு. அது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். அப்படி நடந்தா காப்பாத்தறதுக்குத்தான் இதை வச்சிருக்கான்." ஹீட்டருக்கு அடியில் இருந்த விரல் நீளக் குழாயைத் தொட்டுக் காட்டினார். "உள்ளே அழுத்தம் ஏறினா இது வழியா தண்ணி வெளியே போயிடும். இது சொட்டுறது நோய் இல்லம்மா, மருந்து. இதைப் போய் யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."

"அடைச்சா..." அந்தக் கசிவு தானாக நின்றுவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"போக வழியில்லாம அது உங்க பேசின் குழாய் வாஷரை நசுக்கிட்டு அந்த வழியா சொட்டியிருக்கு. ரொம்ப நாளா சொட்டுச்சா?"

"ஒன்பது நாளா."

"அதான். அந்த ஒரு சொட்டுலதான் இத்தனை நாள் வீடு தப்பிச்சிருக்கு. இன்னைக்கு அதையும் யாரோ சரிபண்ணியிருக்காங்க."

"நான்தான்" என்றாள் அவள்.

குழாய்க்காரர் பேசின் குழாயைத் திருகிப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. சுத்தமா இருந்ததுதான் வம்பாப் போச்சு."

வெந்துபோன வாளியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். குழாய்க்காரர் அடைத்திருந்ததை இடுக்கியால் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். மரத்தில் சீவிய சின்ன ஆப்பு. அதன் மேல் பருத்தி நூல். ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறாமல், இடைவெளி விடாமல், நூற்பாலைக் கதிரில் சுற்றியது போல வரிசையாக.

அப்படி நூல் சுற்றும் கை அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

அவள் திரும்பினாள். சட்டை மாட்டியிருந்த மாமனார் நடையில் நின்றிருந்தார். அவர் பார்வை அவள் உள்ளங்கையில் இருந்தது. அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"யாருன்னு கேட்டு வைங்கம்மா" என்றார் குழாய்க்காரர், பையை மூடிக்கொண்டே. காத்திருந்த நேரத்தில் பாம்புக் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. "அடுத்த தடவை பாம்பு வராது."

அவர் போனபிறகு மாமனார் ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தார். காதில் மிஷினை மாட்டிக்கொண்டு, ஆடாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, நான் அன்னைக்கு சொன்னது ஹீட்டரை."

"தெரியும். மறுநாளே ஹீட்டர் ஒழுகறதைப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா பேசலை?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "பழசாச்சு, ஒழுகுது, தூக்கிப் போடணும்னு சொன்னே. எதைச் சொன்னா என்னம்மா. கேட்டது என் காதுதானே. ஒழுகறதை நிறுத்திட்டா நீங்க அதை வச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். நல்லா இறுக்கமா அடிச்சேன். ஒரு சொட்டு வரலை. இன்னும் நம்மால முடியுதுன்னு ரெண்டு நாள் சந்தோஷமாகூட இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேலும் தாழ்ந்த குரலில், அதாவது சாதாரண மனிதர்கள் பேசும் குரலில், கேட்டார்.

"பெரியவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவா. இதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும், போய்த்தானே ஆகணும்?"

"தெரியாது மாமா. நான் பாத்துக்கறேன்."

போன் அடித்தது. கணவன்.

"ஏய், உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே? அப்பா எங்கே? நீ எங்கே இருக்கே?"

"நல்லா இருக்கோம். யாருக்கும் ஒண்ணுமில்லை. உங்களுக்கு யார் சொன்னா?"

"அக்காதான். அவளும் லைன்லதான் இருக்கா."

கீழ் வீட்டுத் தையற்காரம்மாவும் நாத்தனாரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

"நான் எல்லாம் கேட்டுட்டேன்" என்றது நாத்தனாரின் குரல். "எதையோ அடைச்சு வச்சதாலதான் வெடிச்சுதாம். குழாய்க்காரர் படியில நின்னு சொன்னாராம். யார் அடைச்சது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் சேர்த்து வைத்துக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரைப் போல.

"நான்தான் அண்ணி."

"நீயா?"

"தரை வழுக்குதேன்னு அடைச்சேன். தெரியாம பண்ணிட்டேன்."

கணவன், "என்னடி சொல்றே?" என்றான். அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை நாத்தனார்.

"தெரியாம பண்ணியா? எங்கப்பா உள்ளே குளிச்சிட்டிருந்தார்! ஒரு நிமிஷம் தாமதமாகியிருந்தா இந்நேரம் நான் எதுக்குக் கிளம்பி வந்துட்டிருப்பேன், யோசிச்சியா? தம்பி, நீ குறுக்க பேசாதே. இனி ஒரு நாள்கூட அப்பா அந்த வீட்டுல இருக்க வேண்டாம். நாளைக்குக் காலைல வண்டி எடுத்துட்டு வர்றேன். அவர் துணிமணி, மாத்திரை எல்லாம் எடுத்து வை."

உண்மையைச் சொன்னால் அவரைத் தனியே விட முடியாது என்று அழைத்துப் போவாள். பொய் சொன்னால் மருமகளை நம்பி விட முடியாது என்று அழைத்துப் போகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வண்டி, அதே பூட்டு, அதே ஜன்னல்.

"அண்ணி, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க..."

"ஏம்மா பொய் சொல்றே?"

மாமனார் ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் காது மந்தமானவர்களுக்குத் தங்கள் ரகசியத்தின் அளவு தெரிவதில்லை. அது கீழ் வீடு வரை கேட்டிருக்கும்.

அவள் போனைக் கையால் பொத்தினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆப்பு சீவினது நான். நூல் சுத்தினது நான். அடிச்சது நான். வெளியே இழுத்துட்டு வந்து என் உயிரைக் காப்பாத்தினது நீ. அந்தப் பழியையும் நீயே ஏன் சுமக்கணும்?"

பொத்திய விரல்களின் இடுக்கில் திரை தெரிந்தது. லைன் அறுபடவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினாலு, பதினைஞ்சு, பதினாறு. கணவன் பேசவில்லை. பேச்சுக்கு நடுவே மூச்சு விடக்கூட இடம் தராத நாத்தனாரும் பேசவில்லை.

அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"போனை அப்பாகிட்டே குடு" என்றது அந்தக் குரல். கோபமா, அழுகையா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் நீட்டினாள். மாமனார் வாங்கவில்லை. முதலில் இரண்டு கைகளையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

கைகளில் ஈரமே இல்லை.